கேதத்துக்குக் கட்டிப் போன பெல்ட்டு

ஏனுங் தம்பி, ஒண்ணு கேட்டாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? கழுத்துல அட்டை தொங்குது, மடியில கம்ப்யூட்டர் பை வெச்சிருக்கீங்க, அதான் கேக்கறேன். ஒரு மிசினு இருக்குதுன்னு வைங்க. உள்ளார பூரா ஒயரு, குட்டிக் குட்டி மோட்டாரு. அது தண்ணியில நனைஞ்சு போச்சு. அப்பறம் நல்லா வெயில்ல காஞ்சு, பத்து நாளும் ஆயிப்போச்சு. இப்பத் தொறந்து பாத்தா, தண்ணி பட்டதுன்னு கண்டுபுடிச்சுருவாங்களா?

வெறுந்தண்ணி இல்லீங்க. சோப்புத் தண்ணி.

கண்டுபுடிச்சுருவாங்களா. அட சாமி. பாத்த ஒடனே தெரியுமுங்களா, இல்லை ஏதாச்சும் வெச்சுப் பாத்தாத்தான் தெரியுமுங்களா? ஒயரெல்லாம் பச்சை பூத்திருக்குமா... போச்சு போங்க. எல்லாம் போச்சு.

மெதுவாப் பேசுங்க தம்பி. அந்தா, டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல மஞ்சத் துண்டு போட்டுக்கிட்டு ஜன்னல்ல தலையைச் சாச்சிருக்காரு பாருங்க, அவருதான் எங்கூட்டுக்காரரு. பக்கத்துல உக்காரலாமுன்னு போனேன். "நீ பின்னால போ, கொஞ்சம் காத்து வரட்டும்"னாரு. காத்து வர்றதுக்கு நான் என்னங்க, கதவா? இங்க வந்து உக்காந்துட்டேன்.

கண்ணு தெரியாதுங்க அவருக்கு. பதினாலு வருசமாச்சு. கெணறு வெட்டுற வேலை. வெடி வெச்சாங்க, வெடிக்கலை. எல்லாரும் கம்முனு தள்ளி நின்னாங்க, இவரு மட்டும் போயி எட்டிப் பாத்தாரு. அவ்வளவுதான். உசுரு தப்பிச்சுது, ரெண்டு கண்ணும் போச்சு. அப்ப எனக்கு இருவத்தெட்டு வயசு. கொழந்தை குட்டி இல்லீங்க. எங்கம்மா ஊட்டுல வந்துரச் சொன்னாங்க. நான் போகலை. எப்படிப் போறது?

அன்னைக்கு என்ற எடது தோள்ல கையை வெச்சாரு. பதினாலு வருசம் எடுக்கலை. சந்தைக்கு, கோயிலுக்கு, கலியாணத்துக்கு, கொல்லைக்குக் கூட. ரவிக்கை தைக்கறவ சொல்லுவா, "அக்கா, உங்க எடது தோளு ஒரு விரக்கடை எறங்கியிருக்குது, நீங்க அளவு ரவிக்கை குடுக்காதீங்க, நேர்ல வாங்க"ன்னு. வலிக்கும். வலிக்குதுன்னு அவருகிட்டயே திட்டியிருக்கேன். ஆனாத் தம்பி, அவரு ஒண்ணும் அப்படியே உக்காந்திருக்கற ஆளு இல்லீங்க. ஒயரு சேரு பின்னுவாரு. எங்கூட்டு வாசல்ல வர்றது யாருன்னு செருப்புச் சத்தத்துலயே சொல்லுவாரு. அம்பது பொம்பளைங்க நிக்கற எடத்துல நான் ஒரு வளையலை அசைச்சாப் போதும், நேரா என்கிட்ட வந்து நிப்பாரு. பாம்புக் காது. மூக்கும் அப்படித்தான்.

அப்படித்தான் நல்லா இருந்தோம். அந்தப் புள்ளை வந்துச்சு.

சௌபர்ணிகான்னு பேரு. எங்க வீதி வாத்தியாரு மகளோட ஒண்ணாப் படிச்ச புள்ளை. இப்பப் போறமே, அந்தக் காலேஜுதான். கடைசி வருசத்துக்கு ஏதோ செஞ்சு காட்டோணுமாம். ஒரு பெல்ட்டு கொண்டாந்துச்சு. வயித்துக்குக் கட்டறது, ஒரு சாண் அகலம். உள்பக்கம் பூரா பொட்டுப் பொட்டா மோட்டாரு, நூத்துக்கு மேல. கூட ஒரு கண்ணாடி, அதுல கேமரா. கேமரா என்னத்தைப் பாக்குதோ அதை அந்தப் பொட்டெல்லாம் வயித்துல குறுகுறுன்னு எழுதும். "கொஞ்ச நாள்ல அங்கிளோட மூளை பழகிக்கும் ஆன்ட்டி, வயித்துல வர்றதையே பார்வையா எடுத்துக்கும்"னு சொல்லுச்சு. எனக்குச் சிரிப்பு. வயித்துல எங்கயாச்சும் கண்ணு மொளைக்குமான்னு கேட்டேன்.

ஒரு பாரம் குடுத்துச்சு, கையெழுத்துப் போட்டேன். தண்ணி படக்கூடாதுன்னு அதுல போட்டிருக்குதாம். வாயிலயும் சொல்லுச்சு. ஒருதரம் இல்லை, வரும்போதெல்லாம் சொல்லும்.

மொதல் இருவது நாளு அவரு பட்ட பாட்டை நான் என்னன்னு சொல்லுவேன்! வாந்தி, தலைவலி. வயிறு பூரா செவந்து போச்சு. "எறும்பு மேயறாப்ல இருக்குது, கழட்டி எறிடீ"ம்பாரு. நாந்தான் விடலை. கேளுங்க தம்பி, இதை யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. நாந்தான் பழக்குனேன். அந்தப் புள்ளை வாரத்துக்கு ஒருநாள் வரும், போயிரும். தெனமும் காத்தால ஒரு மணி நேரம், பொழுதோட ஒரு மணி நேரம், எதுக்கால நின்னு சொம்பைத் தூக்கிப் புடிச்சு இது சொம்பு, வெளக்குமாத்தைப் புடிச்சு இது வெளக்குமாறு, மொறத்தைப் புடிச்சு இது மொறம். ஒண்ணாங்கிளாஸ் வாத்தியாராட்ட. கை அத்துப் போயிரும். என்ற கையி!

ஒருநாள் வாசல்ல உக்காந்திருக்கறாரு. திடீர்னு மொகத்தைத் தூக்கி, "துளசி, அந்த முருங்கை மரம் ஆடுது"ன்னாரு. காத்துச் சத்தம் கேட்டிருப்பாருன்னு நெனச்சேன். "இல்லை புள்ளை, சத்தம் இல்லை. வயித்துலயும் இல்லை. அங்க ஆடுது. அங்க"ன்னு கையை நீட்டறாரு. கை நீட்டுன எடத்துல சரியா மரம். அழுதாரு. நானும் அழுதேன். மாரியாத்தாளுக்குக் கற்பூரம் பத்த வெச்சேன். பொய் சொல்லலீங்க, நெசமாத்தான் சந்தோசப்பட்டேன்.

அந்தப் புள்ளைகிட்டச் சொன்னதுக்கு, அது குதிச்சுது. "அங்கிள் மூளையில கண்ணுக்குன்னு இருந்த எடம் இத்தனை வருசமாப் பூட்டிக் கெடந்துச்சு ஆன்ட்டி, இப்ப வயிறு அதுல குடி வந்துருச்சு"ன்னுச்சு. நல்லதுதான் சாமின்னேன். அப்ப இத்தனை வருசம் அந்த எடத்துல யாரு இருந்தாங்க, அதைக் கேக்கத் தோணலை எனக்கு.

அப்பறம் என்னைய நிக்கச் சொன்னாரு. தலையை மேலயும் கீழயும் ஆட்டி ஆட்டிப் பாக்கறாரு. நான் முந்தானையை இழுத்து விட்டுக்கறேன். அவரு கடைசியாப் பாத்தப்ப நான் ஒல்லிக்குச்சி, முடி இடுப்புக்குக் கீழ தொங்கும். பழனிக்கு மொட்டை போட்டுப் போட்டு முடியெல்லாம் கொட்டிப் போச்சு. பாத்துட்டுச் சிரிச்சாரு. "நீ இவ்வளவுதானா?"ன்னாரு. வெளையாட்டுக்குத்தான். எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலை. அந்தப் புள்ளைகிட்டத் தனியாக் கேட்டேன், அதுல நான் எப்படிம்மா தெரிவேன்னு. "ஒரு தூணு மாதிரி ஆன்ட்டி, மொகமெல்லாம் தெரியாது"ன்னுச்சு. எல்லாரும் தூணுதானாம். நானும் தூணு, கறிக்கடைக்காரனும் தூணு.

ரெண்டாவது மாசத்துல தோள்ல இருந்து கையை எடுத்துட்டாரு. தானா டீக்கடைக்குப் போறாரு. ஊரே நின்னு பாக்குது, கை தட்டுது. நான் பின்னாலயே போறேன். "நீ எதுக்கு வர்றே, ஊட்டுல வேலை இல்லையா?"ங்கறாரு. வேலை இருக்குதுங்க, இல்லாம என்ன. ஆனா இந்தத் தோளு இருக்குதே, வலி போயிருச்சு. வலி போனதுக்கு நான் சந்தோசப்படோணுமல்ல? எனக்கென்னமோ கையை எங்க வெக்கறதுன்னே தெரியலீங்க.

அது கெடக்கட்டும். நான் சொல்ல வந்தது கேதம். எங்க சின்ன மாமன் தவறிட்டாரு. எழவுக்குப் போனோம். இவரு பெல்ட்டைக் கட்டிக்கிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் தன்னால நடந்து உள்ள போயி, பொணத்தைப் பாத்து மாலை போட்டுட்டு வர்றாரு. அழுதுக்கிட்டிருந்த பொம்பளைங்க எல்லாம் அழுகையை நிறுத்திட்டு இவரைப் பாக்குது. எங்க பெரியத்தை என்ற காதுல, "இனி உனக்கு வேலை இல்லை போ"ன்னா. அவ நல்லதுக்குத்தான் சொன்னா.

பந்தல் முக்குல நாங்க அஞ்சாறு பேரு வரிசையா நிக்கறோம். இவரு நேரா எங்களைப் பாத்து வர்றாரு. நான் என்ன பண்ணுனேன் தெரியுங்களா, இந்தக் கையில அந்தக் கை வளையலை இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். சத்தம் வரக்கூடாது. பாக்கலாமுன்னு. என்ற மேல அடிக்கற பவுடரு வாசம், என்ற மூச்சு, பதினாலு வருசமா இதை வெச்சுத்தான என்னையக் கண்டுபுடிச்சாரு? ஒவ்வொரு தூணாப் பாத்தாரு. என்னைய நேராப் பாத்தாரு, ஒரு மொழந்தான் தூரம். பாத்துட்டு, அடுத்தவளைப் பாத்துட்டு, தாண்டிப் போயிட்டாரு. வெளிய போயி நின்னுக்கிட்டு, "துளசீ"ன்னு ஊருக்கே கேக்கறாப்ல கூப்படறாரு. பக்கத்துல நின்னவங்க சிரிச்சாங்க.

அன்னைக்கு எனக்கு மனசு சரியில்லீங்க. எழவு வீடு பாருங்க, வெசனம். ஊட்டுக்கு வந்தோம். கேதத்துக்குப் போயிட்டு வந்தா என்ன பண்ணோணும்? உடுத்தினது பூராவும் நனைக்கோணும், தலையோட தண்ணி வாத்துக்கோணும், அதுக்கப்பறந்தான் ஊட்டுக்குள்ளயே போகோணும். எங்க வழக்கம் அது. உங்க பக்கமும் அப்படித்தான? அவரு வேட்டி, சட்டை, துண்டு, என்ற சேலை, பாவாடை எல்லாத்தையும் பெரிய வாளியில சோப்புப்பொடி போட்டு ஊற வெச்சேன். பெல்ட்டும் அதோட போயிருச்சு. தீட்டுத் துணின்னா எல்லாந்தான? இடுப்புல கட்டிக்கிட்டுப் பொணத்துக்குப் பக்கத்துல நின்ன சாமானை அப்படியே எப்படி ஊட்டுக்குள்ள கொண்டு போறது? நீங்களே சொல்லுங்க. தண்ணி படக்கூடாதுங்கறது அந்த நேரத்துல ஞாபகமே வரலீங்க. மறந்தேபோச்சு.

கண்ணாடியை மட்டும் அலமாரியில எடுத்து வெச்சேன், கேமரா கெட்டுப்போயிருமேன்னு. பேட்டரி டப்பாவையும் கழட்டித் தனியா வெச்சுட்டேன். தண்ணியில போட்டாக் கரண்டு கிரண்டு அடிச்சுருமோன்னு பயம். அப்பறந்தான் பெல்ட்டை உள்ள போட்டு அமுக்குனேன்.

ஏனுங் தம்பி அப்படிப் பாக்கறீங்க?

அவரு சொல்லத்தான் செஞ்சாரு. தண்ணி வாத்துக்கறதுக்கு முன்னால கழட்டி என்ற கையில குடுத்து, "பாத்து வை, ஈரம் படாம"ன்னாரு. சொன்னாரு. ஆனா மனுசிக்கு ஞாபகம் இருக்கோணுமல்ல?

மக்யா நாளு விடிஞ்சதும் வெயில்ல காயப்போட்டு, பேட்டரியை மாட்டி, நானே கட்டி விட்டேன். வேலை செய்யும்னுதான் நெனச்சேன். அவரு நிக்கறாரு. தலையை ஆட்டறாரு. "ஒண்ணும் வரலை"ன்னாரு. நான் என்னத்தைச் சொல்றது? "உங்க ஒடம்புச் சூடா இருக்கும்"னு சொல்லிட்டேன். வாயில வந்துருச்சு. அவரு நம்பிட்டாரு தம்பி. தன்ற தோலுதான் மரத்துப் போச்சுன்னு நம்பிட்டாரு. வேப்பெண்ணெயை வயித்துல தேய்க்கறாரு. கிள்ளறாரு. துணி தொவைக்கற பிரஷ்ஷை எடுத்து வயித்துல தேய்ச்சு ரத்தம் வந்துருச்சு. "மூளை மறந்து போச்சு போல துளசி, மறுபடியும் சொம்பைக் காட்டு"ன்னாரு. நான் எதுக்கால நின்னு சொம்பைப் புடிச்சேனுங்க. செத்துப்போன பெல்ட்டைக் கட்டிக்கிட்டு நிக்கற மனுசன் முன்னால நான் சொம்பைப் புடிச்சுக்கிட்டு, இது சொம்பு, இது சொம்புன்னு சொல்லிக்கிட்டு நின்னேன்.

சொல்லியிருக்கோணும். அப்பவே சொல்லியிருக்கோணும்.

பழைய மாதிரி ஆயிருவாருன்னு நெனச்சேன். பெல்ட்டு இல்லாத பதினாலு வருசம் நல்லாத்தான இருந்தாரு? அதுதான் ஆகலை. காது பழைய காது இல்லீங்க. சொந்த ஊட்டு நெலைவாசல்ல மண்டையை இடிச்சுக்கறாரு. அவரே பின்னுன சேருல தடுக்கி விழறாரு. யாரு வந்தாலும் "யாரது, யாரது"ங்கறாரு. அந்தப் பெல்ட்டு இருந்த எடமும் காலி, அதுக்கு முன்னால இருந்ததும் திரும்பி வரலை. "வெடியில கண்ணு போனப்பச் சத்தமாச்சும் கேட்டுச்சு. இது சத்தமே இல்லாமப் போயிருச்சு புள்ளை"ன்னாரு. நான் தோளைக் கொண்டு போயிக் குடுத்தேன். இந்தாங்க, புடிச்சுக்கங்க, எங்க போகோணும் சொல்லுங்கன்னேன். கையை வெச்சாரு. கொஞ்ச நேரம் வெச்சிருந்தாரு. எடுத்துட்டாரு. ஒரு வாரமாச் சோறு திங்கறதில்லை. மோரு மட்டும் ரெண்டு மொடக்கு. இப்படியே விட்டா இந்த மாசம் தாண்ட மாட்டாரு தம்பி. எனக்கு வேற யாரு இருக்கறா?

அந்தப் புள்ளைக்குப் போன் போட்டேன். அது படிப்பு முடிஞ்சு பெங்களூருல வேலைக்குப் போயிருச்சு. அழுதுச்சு பாவம். அவங்க காலேஜுச் சாரு நம்பரைக் குடுத்துச்சு. அவருகிட்டப் பேசுனேன். "தானா நின்னு போயிருந்தா எங்க தப்பும்மா, எப்படியும் வேற ஒண்ணு செஞ்சு குடுத்துருவோம். தண்ணி கிண்ணி பட்டிருந்தா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அவரையும் பெல்ட்டையும் கூட்டிட்டு வாங்க, தொறந்து பாத்துட்டுச் சொல்றேன்"னாரு. தானாத்தான் சார் நின்னு போச்சுன்னேன். அதான் இப்பப் போறோம். இந்தப் பையிலதான் இருக்குது. அதுக்குத்தான் உங்களைக் கேட்டேன். அவரு பக்கத்துலயே நிக்கறப்ப அந்தச் சாரு தொறந்து பாத்து, "இது சோப்புத் தண்ணியில ஊறுனதாச்சேம்மா"ன்னு கேட்டுட்டா நான் எங்க போறது?

இதுல இன்னொரு கஷ்டம். இவருக்குப் புத்தியும் பேதலிச்சுப் போச்சுன்னு நெனக்கறேன். காத்தால கெளம்பறப்ப வரவே மாட்டேன்னு படுத்திருந்தாரு. கையைப் புடிச்சு இழுத்தேன். அப்ப எந்திரிச்சு உக்காந்து சொல்றாரு, "அங்க போயி நீ வாயைத் தொறக்காத. நாந்தான் மழையில நனைச்சுட்டேன்னு நான் சொல்லிக்கறேன்"னு. என்ன மழை? ரெண்டு மாசமா ஒரு தூத்தல் இல்லை, கெணத்துல தண்ணி அடிக்குப் போயிருச்சு. இவரு எங்க நனைஞ்சாரு? தானா நின்னு போயிருந்தாத்தான் புதுசு குடுப்பாங்கன்னு நான் அத்தனை தடவை சொல்லியிருக்கேன். வேணுமுன்னே இல்லாமப் பண்ணிக்கறாரா? எதுக்கு இவரு...

இருங்க தம்பி.

தண்ணின்னு இவருகிட்ட யாரு சொன்னா? நான் சொல்லவே இல்லை. தானா நின்னு போச்சுன்னுதான இவருகிட்டயும் சொன்னேன்.

மூணாம் நாளு. பெல்ட்டைக் கேட்டாரு. குடுத்தேன். மூஞ்சியில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. ஆசையில வெச்சுக்கறாருன்னு நெனச்சு நான் அடுப்பைப் பாக்கப் போயிட்டேன். அய்யோ, எங்கூட்டுச் சோப்புப்பொடி வாசம் அவருக்குத் தெரியாதுங்களா? அப்பறம் நாலா மடிச்சு என்ற கையில குடுத்தாரு. அன்னையில இருந்து எண்ணெய் தேய்க்கலை. சொம்பைக் காட்டச் சொல்லலை. அன்னையில இருந்துதான் சோறும் வேண்டாம்னது.

ஏனுங் தம்பி, அவருக்குத் தெரியுமுங்களா? ஒரு வாரமாத் தெரியுமுங்களா? நான் வாயைத் தொறப்பேன்னு பாத்துக்கிட்டுப் பட்டினி கெடந்தாருங்களா? பெல்ட்டே வேண்டாம், நாலு பேரு முன்னால இவளைக் கேள்வி கேக்காம இருந்தாப் போதும்னு, பொய் சொல்லிக்க வர்றாருங்களா அந்த மனுசன்?

என்ன ஸ்டாப்பு இது? காலேஜா? காலைக் கொஞ்சம் நகத்துங்க தம்பி. நான் முன்னால போகோணும். பை கெடக்கட்டும், அப்பறம் எடுத்துக்கறேன். கண்டக்டரு, விசிலு குடுத்துராதீங்க, ஒரு நிமிசம், ஒரே நிமிசம். ஏனுங்க. ஏனுங்க, இந்தப் பக்கம் திரும்புங்க, நாந்தான். நீங்க அந்தச் சாருகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. மழையெல்லாம் பெய்யலை. பேசாதீங்க, என்னையச் சொல்ல விடுங்க, இவங்க எல்லாரும் கேட்டாலும் பரவால்லை. தண்ணியில போட்டது நானுங்க. மறந்து போடலை. தெரிஞ்சேதான் போட்டேன்.